ஆங்கில முகமன்

யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, சங்க நூல்களிற் பொழுதும் நிலனும் என்றோ, ஈழத்துப் புலவர் பரம்பரை என்றோ ஒரு பொருளை எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியன் ஒருவனிடம் வேறெதனை எதிர்பார்ப்பது? ஆயின் யாம் எழுதப் புகுந்ததோ ஆங்கிலத்தில் ஒருவருக்கு முகமன் கூறுவது எப்படி என்பது பற்றி. அன்பர்கள் சிரித்தல் கூடும். சிரித்துவிட்டு மேலே படிக்குமாறு வேண்டுகின்றோம். இச்சுமை யாமாகத் தலையில் ஏற்றிக்கொண்டதன்று.

நடந்தது இதுதான். யூபிலி விழாவுக்கு இலண்டனிலும் தொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் பழைய மாணவர் பலர் குடும்ப சமேதராக வரவிருக்கின்றனர். வருகின்ற பழைய மாணவருக்குத் தமிழ் தெரியும். சிலருக்கு எம்மிலும் நன்றாகத் தெரியும். அவர்தம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தெரியாது. மருமக்களுள் வேற்றினத்தாரும் உளர். கல்லூரி வாயிலில் நின்று இவர்களை வரவேற்க உயர்தர வகுப்பு மாணவர் முப்பதின்மர் தெரிவு செய்யப்பெற்றனர். அவர்களுக்கு ஆங்கில முகமனிற் பயிற்சி கொடுத்தல் வேண்டும் என்று ஆசிரியர் கூட்டத்தில் தீர்மானமாயிற்று. ஆங்கில ஆசிரியை பிரசவ லீவில் நின்றார். மற்றை ஆங்கில ஆசிரியர் விழா நாடகத்தில் மூழ்கியிருந்தார். அதிபர் கண்ணை நாற்புறமும் ஓடவிட்டார். யாம் தலையைக் குனிந்துகொண்டோம்; குனிந்த தலையிலேயே சுமை ஏறிற்று.

"மாஸ்ரர், நீங்கள்தானே விருந்தோம்பல் படிப்பிக்கிறனீங்கள்?" என்றார் அதிபர்.

உண்மைதான். திருக்குறளில் ஒன்பதாம் அதிகாரம் விருந்தோம்பல். அதனை அடுத்த பத்தாவது இனியவை கூறல். வந்தவருக்கு முதலில் இடம், பின்னர் இன்சொல் என வள்ளுவர் வைத்த முறையை யாம் இருபது ஆண்டுகளாக வகுப்பில் வியந்து பேசி வருகின்றோம். அவ்வின்சொல்லை ஆங்கிலத்திற் சொல்லவேண்டி வரும் என்று மட்டும் எண்ணியதில்லை. கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் யாம் பெற்ற பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழில் இதற்கான தகைமை எவ்விடத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

எமது ஆங்கிலத்தின் வரலாற்றை ஈண்டுச் சிறிது சொல்லுதல் வேண்டும். யாம் படித்தது 1990களின் யாழ்ப்பாணத்தில். மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் திரியிட்டு, ஒரு துளி மண்ணெண்ணெயையும் வீணாக்காமல் எரித்த விளக்கின் கீழே படித்தோம். வானொலி கேட்பதற்கு ஒருவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சில்லைச் சுற்ற வேண்டும். டைனமோவிலிருந்து மின்சாரம் வரும். சுற்றுகிறவரின் கை ஓய்ந்தாற் செய்தியும் ஓயும். வகுப்பில் ஆங்கிலம் படிப்பித்த ஆசிரியர் ஒருநாள் குடும்பத்தோடு கொழும்புக்குப் போனார்; திரும்பி வரவில்லை. அவர் விட்டுச்சென்ற பழைய பாடப் புத்தகம் ஒன்று எஞ்சியது. அதில் ஒரு பக்கத்தில் நான்கு படங்கள். கிழக்கே உதிக்கும் சூரியன்: குட் மோர்னிங். உச்சிச் சூரியன்: குட் ஆஃப்ரர்நூன். பனைகளுக்குப் பின்னாலே சாயும் சூரியன்: குட் ஈவினிங். நான்காவது படத்திலே நிலா. அதன் கீழே குட் நைற். இப்பக்கத்தை ஜாம் போத்தல் விளக்கில் யாம் மனனம் பண்ணினோம். நிலா எழுந்தால் குட் நைற். இதிற் சந்தேகத்துக்கு இடம் எங்கே?

2004ஆம் ஆண்டு, ஏ-9 வீதி திறந்திருந்த சமாதான காலத்தில், யாம் புதிதாக ஆசிரியப் பணியில் அமர்ந்திருந்தோம். பரிசளிப்பு விழாவுக்கு இலண்டனிலிருந்து ஒரு பொறியியலாளர் பிரதம விருந்தினராக வந்தார்; 1983இன் பின் நாட்டை விட்டவர், இருபது ஆண்டுகளின் பின்னர் முதன்முறையாக ஊர் பார்க்க வந்தவர். மாலை ஏழு மணி கழிந்துவிட்டது. மண்டபத்தின் கூரைக்கு மேலே முழுநிலா. மாலையும் கையுமாக நின்ற யாம், கார்க் கதவு திறந்ததும் முன்னே சென்று, ஊர் கேட்கும் குரலில் "குட் நைற், சேர்!" என்றோம்.

அவர் ஒரு காலைத் தரையிலும் ஒரு காலைக் காரிலும் வைத்தபடி நின்றார். பின்பு சிரித்தார். "என்ன தம்பி, இருபது வருசத்துக்குப் பிறகு வந்திருக்கிறன், வந்தவுடனை போகச் சொல்லுறீர்?" என்றார்.

எமக்குப் பிழை விளங்கவில்லை. சுற்றி நின்றவர்களிற் பாதிப்பேருக்கு விளங்கிற்று என்பது அவர்கள் வாயைப் பொத்தியதிலிருந்து தெரிந்தது. தேநீர் வேளையில் அப்பெரியார் எம்மைத் தனியே அழைத்து, தோளிற் கைவைத்துச் சொன்னார்: நள்ளிரவானாலும் சந்திக்கும்போது குட் ஈவினிங்தான், பிரியும்போதும் படுக்கைக்குப் போகும்போதுமே குட் நைற். முன்னைய மூன்றும் பொழுதைப் பார்த்துச் சொல்பவை. நான்காவது பொழுதை மட்டுமன்றிப் போக்கையும் பார்த்துச் சொல்வது. இதனை அந்தப் படம் சொல்லவில்லை. எந்தப் படமும் சொல்லாது.

தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகின்றது. நாளைச் சிறுபொழுதுகளாக வகுத்து, வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் எனப் பெயரிட்டு, ஒவ்வொன்றையும் ஒரு நிலத்துக்கும் உணர்வுக்கும் உரிமையாக்கிய இலக்கண மரபு நம்முடையது. அத்துணை நுட்பமாகப் பொழுதைப் பகுத்தவர்கள், சந்திப்பவருக்குச் சொல்லும் சொல்லைப் பொழுதோடு கட்டவில்லை. இக்காலத்துக் கேட்கும் 'காலை வணக்கம்', 'மாலை வணக்கம்', அதனினும் கொடிய 'இரவு வணக்கம்' என்பன ஆங்கிலத்துக்குத் தமிழ்ச் சட்டை தைத்துப் போட்டவை. தைத்தவர்மேல் எமக்குக் கோபமில்லை. சட்டை பொருந்தவில்லை என்பதே எம் கருத்து. வணக்கம் என்ற சொல்லுங்கூட எம் கிராமத்தில் மேடைக்கும் கடிதத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உரியதாகவே இருந்தது. படலையைத் திறந்து வருபவரை எம் பாட்டனார் "வாங்கோ, இருங்கோ" என்றார், ஒழுங்கையிற் கண்டவரை "எங்கை போறியள்?" என்றார்.

நிற்க. முதல்நாட் பயிற்சிக்கு மாணவர் முப்பதின்மரும் வந்தனர். யாம் வகுப்பினுள் நுழைந்ததும் எல்லாரும் எழுந்து, "குட்... மோ...ர்னிங்... சே...ர்" என்று ஒரே இராகத்தில் இழுத்தனர். ஆரம்ப வகுப்பிலிருந்து அவர்கள் கற்ற ஆங்கில முகமன் அது ஒன்றே. முப்பது தொண்டை சேர்ந்தால் அழகாகத்தான் இருக்கின்றது. ஒருவனைத் தனியே நிறுத்தி எமக்குச் சொல்லச் சொன்னோம். அதே இராகத்தில் அதே இழுவையிற் சொன்னான். "தம்பி, தேவாரம் முடிஞ்சுது, இப்ப ஆளுக்குச் சொல்லும்" என்றோம். முகத்தைப் பார்த்து, ஒருமுறை, சுருக்கமாகச் சொல்லப் பழக்குவதற்கு இரண்டு நாட்கள் சென்றன. நண்பகல் பன்னிரண்டு வரை ஒன்று, அதன்பின் மாலை ஐந்து ஆறு மணிவரை ஒன்று, அதற்குமேல் ஒன்று என்பதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது.

அடுத்தது 'ஹவ் டூ யூ டூ'. ஒருவரை முதன்முதல் அறிமுகஞ் செய்யும்போது மட்டும், அதுவும் சற்று மரியாதையான சபைகளில், சொல்லப்படுவது. இது வினாவின் உருவில் இருப்பினும் வினா அன்று. விடையும் 'ஹவ் டூ யூ டூ' என்பதே. ஆங்கிலேயர் இளந்தலைமுறையினர் இதனைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டனர். எனினும் எழுபது வயதுக் கனவான்கள் வரும் விழாவாகையால் ஒருமுறை கேட்டுப் பார்ப்போம் என்று முன்வரிசையில் இருந்த மாணவனிடம் கைநீட்டி, "ஹவ் டூ யூ டூ?" என்றோம்.

அவன் நிமிர்ந்து நின்று, "ஐ ஆம் டூயிங் பயோ, சேர்" என்றான்.

வகுப்புச் சிரித்தது. யாம் சிரிக்கவில்லை, எமக்கு அந்த முழுநிலா நினைவு வந்தது. அவனிற் குற்றம் என்ன? சொற்களைத் தனித்தனியே எடுத்து அவன் செய்த பொருள் சரியானதே. முகமன் சொற்களுக்கு அகராதி பார்த்துப் பொருள் கொள்ளலாகாது என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

இதை விளக்க எமக்கு உதவியவர் பாட்டனார்தாம். "எங்கை போறியள்?" என்று ஒழுங்கையிற் கேட்பவருக்கு நாம் போகுமிடம் தெரியவேண்டியதில்லை. நாமும் "உதிலை போட்டு வாறன்" என்கின்றோம். 'உதிலை' என்பது எவ்விடம்? வங்கியாகவும் இருக்கலாம், வவுனியாவாகவும் இருக்கலாம். கேட்டவர் திருப்தியடைந்து போகின்றார். 'ஹவ் ஆர் யூ' என்பதும் இதுவே என்றதும் மாணவர் முகம் தெளிந்தது. "ஃபைன், தாங்க் யூ" என்பது ஆங்கிலேயரின் 'உதிலை'.

ஆனால் இதிலும் ஒரு வேற்றுமை உண்டு. நம் முதியோரிடம் "சுகமோ?" என்று கேட்டுவிட்டால் முழங்காலில் தொடங்கிச் சீனிவருத்தம், பிறசர் எல்லாவற்றையும் கடந்து, கடைசி மகனின் விசா வரையில் வந்தே நிற்பர். கேட்டவரும் நின்று கேட்கவேண்டும். கேளாது போனால் மனவருத்தம். ஆங்கிலேயரிடத்திலோ அவ்வாறு விடை சொன்னால் கேட்டவர் திகைத்துப் போவார். எம்முடன் படித்த நண்பர் ஒருவர் இலண்டனில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், உடன் வேலை செய்வோர் காலைதோறும் "யூ ஓல்ரைற்?" என்று கேட்பதைக் கண்டு, தம் முகத்தில் ஏதோ நோய்க்குறி தெரிகின்றது போலும் என்று அஞ்சி, மலசலகூடத்துக்குட் சென்று கண்ணாடி பார்த்தாராம். அவர்கள் கேட்டது அவ்வளவே: எங்கை போறியள்?

முதற் சந்திப்பில் 'நைஸ் ரு மீற் யூ'. முன்பே அறிந்தவரை மீண்டும் காணும்போது 'மீற்' நீங்கி 'சீ' வரும். இதனை மாற்றிச் சொன்னால், முன்பு கண்டதை மறந்துவிட்டோம் என்று அவர் எண்ணக்கூடும். கைகுலுக்குவதா கும்பிடுவதா என்று ஒரு மாணவன் கேட்டான். கும்பிடுங்கள், வந்தவர் கை நீட்டினால் நீங்களும் நீட்டுங்கள், பெண்மணிகளிடத்தில் அவர்கள் நீட்டும்வரை பொறுங்கள் என்றோம். 2020இல் கொரோனா பரவத் தொடங்கியபொழுது கைகுலுக்குவதற்கு உலகமே அஞ்சிற்று. அப்போது இளவரசராயிருந்த சாள்ஸ், நீட்டிய கையைப் பாதியில் மடக்கிக்கொண்டு கைகூப்பியதைத் தொலைக்காட்சியில் எல்லாரும் பார்த்தோம். கூப்பிய கை எக்காலத்துக்கும் பொருந்தும் என்று மாணவருக்குச் சொல்லிக்கொள்வதில் எமக்குச் சிறிது கர்வமும் இருந்தது.

பெயர் சொல்லி அழைப்பதில்தான் பெருஞ் சிக்கல். நமக்கு 'சேர்' ஒன்று, 'மிஸ்' ஒன்று; இரண்டையும் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாழ்வு முழுவதையும் ஓட்டிவிடலாம். ஆங்கிலேயருக்கு மிஸ்ரர் என்பதன் பின்னே குடும்பப் பெயர் வரவேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. கடவுச்சீட்டிற் குடும்பப் பெயர் என்ற இடத்திலே தகப்பனார் அமர்ந்திருக்கின்றார். ஆகவே அந்நாடுகளில் அலுவலகந்தோறும் தகப்பனாரைக் கூப்பிட, மகன் எழுந்து போகின்றான்.

இது புதிய சிக்கலன்று. நைற் பட்டம் பெற்றவரை 'சேர்' என்ற சொல்லோடு அவருடைய முதற்பெயரைச் சேர்த்தே அழைத்தல் ஆங்கில முறை. குடும்பப் பெயரோடு சேர்த்தல் பிழை. பொன்னம்பலம் இராமநாதன், அவர் தம்பியார் பொன்னம்பலம் அருணாசலம் இருவரும் பட்டம் பெற்றவர்கள். ஆங்கில முறைப்படி இருவரும் 'சேர் பொன்னம்பலம்' ஆவர். பொன்னம்பலமோ அவர்களின் தந்தையார்! நம்மவர் இம்முறையைச் சட்டை பண்ணவில்லை; 'சேர் இராமநாதன்' என்றே வாயார அழைத்தனர். 1913இல் இராமநாதன் கல்லூரியையும் 1921இல் பரமேசுவராக் கல்லூரியையும் நிறுவியவரை அவர் தந்தையார் பெயரால் அழைக்க யாழ்ப்பாணத்துக்கு மனம் வருமா? இவ்விடத்தில் இலக்கணப் பிழையே மரியாதை என்பது எம் துணிபு.

வரவிருக்கும் விருந்தினருள் ஒருவர் இங்கிலாந்தில் சத்திரசிகிச்சை நிபுணர். அந்நாட்டிற் சத்திரசிகிச்சை நிபுணரை டொக்ரர் என்று அழையார். மிஸ்ரர் என்றே அழைப்பர். முற்காலத்தில் வைத்தியர் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்று வர, சத்திரவைத்தியர் தொழில் பழகி வந்தனர். அந்த வேறுபாட்டின் எச்சம் இது. இன்று அவர்கள் அதனையே பெருமையாகக் கொள்கின்றனர். அப்படியானால் அவரை எவ்வாறு அழைப்பது என்று மாணவர் கேட்டனர். எம் முடிபு இது: அங்கே அவர் மிஸ்ரராக இருக்கட்டும், இங்கே டொக்ரர் என்றே அழையுங்கள். அவருடைய தாயார் அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காகத்தான் தம் தாலிக்கொடியை அடைவு வைத்தார்.

'ஹலோ'வைப் பற்றிச் சில வார்த்தை. 1876இல் தொலைபேசிக்கு உரிமை பெற்ற பெல் என்பார், பேசத் தொடங்கும்போது மாலுமிகள் கூவும் 'அஹோய்' என்ற சொல்லைச் சொல்லவே விரும்பினார். 'ஹலோ' சொல்லலாம் என 1877இல் எழுதியவர் எடிசன். எடிசன் வென்றார். இல்லையேல் நாம் எல்லாரும் இன்று தொலைபேசியைக் காதில் வைத்து அஹோய் அஹோய் என்று கூவிக்கொண்டிருப்போம். வாட்ஸ்அப்பில் விடியுமுன்னே ரோசாப்பூவோடு வந்து விழும் குட் மோர்னிங்குகளைப் பற்றி யாம் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவற்றை அனுப்புவோரிற் பலர் இம்மலரின் வாசகர்.

விடைபெறுதலுக்கு வந்தோம். 'குட்பை' என்பது, கடவுள் உம்முடன் இருப்பாராக என்ற பழைய வாழ்த்துத் தேய்ந்து தேய்ந்து வந்த உருவம் என்றதும் மாணவர் வியந்தனர். நம்மவரின் விடைபெறுஞ் சொல் 'போட்டு வாறன்'. 'போறன்' என்று சொல்லலாகாது. சொன்னால் வீட்டிலுள்ள பெண்கள், "போட்டு வாறன் எண்டு சொல்லு" என்று வாசல்வரை துரத்தி வந்து திருத்துவர். இதனாலே நம் மாணவர் ஆங்கிலத்திலும் "ஐ கோ அண்ட் கம், சேர்" என்கின்றனர். அது ஆங்கிலமன்று என்பதை யாம் அறிவோம். ஏனோ அதைச் சிவப்பு மையால் வெட்ட எமக்குக் கை எழுவதில்லை. 'சீ யூ' என்றோ, 'சீ யூ அகெய்ன்' என்றோ சொல்லப் பழகினால் மீண்டும் காணுவோம் என்ற கருத்து அதிலே தங்கிவிடும் என்று சொல்லி வைத்தோம்.

அப்பொழுது பின்வரிசையிலிருந்து, அதுவரை வாய் திறவாத மாணவன் ஒருவன் எழுந்தான். "சேர், செத்தவீட்டிலை என்ன சொல்லுறது?" என்று கேட்டான்.

விழாவுக்கு வேண்டாத கேள்வி. யாரும் சிரிக்கவில்லை. கடந்த வருடம் அவன் அம்மம்மா இறந்தபோது கனடாவிலிருந்து மச்சாள்மார் வந்தார்களாம். மூன்று நாளும் ஒரே வீட்டில் இருந்தும் ஒரு சொல்லும் பேசவில்லையாம். யாம் சற்றுநேரம் பேசாதிருந்தோம். பின்னர், யாருக்கும் அதுவரை சொல்லாத ஒன்றை அவர்களுக்குச் சொன்னோம். அதனையே ஈண்டும் எழுதுகின்றோம்.

எமக்குத் தமிழ் படிப்பித்த ஆசிரியர், இக்கல்லூரியின் மூத்த தலைமுறையினர் எல்லாரும் அறிந்த பெரியார், 2018இற் காலமானார். யாம் தமிழாசிரியன் ஆனது அவராலே. இடம்பெயர்ந்து போன 1995இல், புத்தகம் ஒன்றும் இல்லாமல், ஒரு மாமரத்தின் கீழ் இருந்து அவர் நன்னூற் சூத்திரங்களை மனத்திலிருந்தே சொல்லச் சொல்ல, யாம் பழைய கணக்குக் கொப்பியின் பின்பக்கங்களில் எழுதினோம். அவருடைய மகன் தொறன்ரோவிலிருந்து வந்திறங்கினார். உடன் வந்தவன் அவர் மகன், பதினான்கு வயதுப் பையன். மகன் கிரியைக்கு இருந்தார். பையன் பந்தலின் ஓரத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் தனியே இருந்தான். பேச ஆளில்லை. ஒரு பெண்மணி எம்மிடம் வந்து, "மாஸ்ரர், உங்களுக்கு இங்கிலிசு தெரியுந்தானே, பெடியனோடை ஒருக்காக் கதையுங்கோ" என்றார்.

யாம் சென்று அவன் முன்னே நின்றோம். அவன் எழுந்தான். தாத்தாவின் நெற்றியும் மூக்கும் அப்படியே இருந்தன. யாம் கையை நீட்டி, "ஹலோ. ஹவ் ஆர் யூ?" என்றோம்.

"ஐ ஆம் குட், தாங்க் யூ. ஹவ் ஆர் யூ?" என்றான் பையன்.

"ஃபைன், தாங்க் யூ" என்றோம்.

பத்தடி தூரத்தில் எம் ஆசிரியர் கிடத்தப்பட்டிருந்தார். பையனின் கண்கள் சிவந்திருந்தன. எம் கண்கள் எப்படி இருந்தன என்பது எமக்குத் தெரியாது. இருவரும் நலமாக இருப்பதாக ஒருவருக்கொருவர் சொல்லி முடித்தோம். அதன்மேற் சொல்ல எம்மிடம் ஒன்றும் இல்லை. உள்ளே திருப்பொற்சுண்ணம் பாடத் தொடங்கினார்கள். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க வரும்படி யாரோ அழைத்தார்கள். பையனுக்கு விளங்கவில்லை, கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். எரியும் பந்தத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி, தீ தன் சட்டையில் விழுமோ என்று பார்த்துக்கொண்டு அவன் நின்றான்.

சுடலைக்குப் போய் மீண்டு, யாம் புறப்படும்போது அவன் படலையடியில் நின்றான். "பை. தாங்க் யூ ஃபோர் கமிங்" என்றான். நம் வழக்கத்திற் செத்தவீட்டிற் போட்டு வாறன் சொல்வதில்லை. சொல்லாமல் எழுந்து போவதே முறை. யாம் முறைப்படி ஒன்றும் சொல்லாமற் போனோம். அவனுக்கு அது முறை என்று யார் சொல்லியிருப்பார்? தாத்தாவின் மாணவன் ஒருவன் விடை சொல்லாமல் முகத்தைத் திருப்பிப் போனான் என்றே அவன் நினைத்திருப்பான்.

என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதைப் பின்னர் ஆங்கில ஆசிரியையிடம் கேட்டு அறிந்தோம். 'ஐ ஆம் சொறி' என்பது போதும். 'ஐ ஆம் சொறி ஃபோர் யுவர் லொஸ்' என்பது முழுமை. சொறி என்பதற்கு மன்னிக்கவும் என்ற ஒரு பொருளையே யாம் அறிந்திருந்தோம். பிழை ஒன்றும் செய்யாத யாம் அவனிடம் ஏன் மன்னிப்புக் கேட்பது? அச்சொல்லுக்கு வருந்துகின்றேன் என்ற பொருள் உண்டு என்பதும், பிழைக்கு வருந்துவதும் பிறர் துயருக்கு வருந்துவதும் அம்மொழியில் ஒரே சொல் என்பதும் எமக்கு நாற்பது வயதை அணுகும்போதுதான் தெரிந்தது.

ஆயினும் எம் மனத்தை இன்றுவரை அறுப்பது அதுவன்று. வேறொரு வாக்கியம் இருந்தது. 'ஹி வோஸ் மை ரீச்சர்.' நான்கு சொல். மூன்றாந் தரத்துப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள், எமக்கும் தெரிந்தவை. அதைச் சொல்லியிருந்தால் அந்தப் பையன் கதிரையை இழுத்துப் போட்டு இருந்திருப்பான். மாமரத்தையும் கணக்குக் கொப்பியையும் எமக்குத் தெரிந்த ஓட்டை ஆங்கிலத்தில் எப்படியாவது சொல்லியிருப்போம். முகமன் முறையாகச் சொல்லவேண்டும் என்ற அச்சத்தில் எம்மிடம் இருந்த சொல்லையே மறந்து நின்றோம்.

மாணவர் அமைதியாகக் கேட்டனர். கேள்வி கேட்டவன் அந்நான்கு சொல்லையும் கொப்பியில் எழுதிக்கொண்டான். 'ரீச்சர்' என்பதை வெட்டி, அதன்மேல் 'கிராண்ட்மதர்' என்று எழுதி, 'ஹி' என்பதையும் 'ஷி' என்று மாற்றியதைக் கண்டோம்.

இனி ஒன்று. சென்ற மாதம் எமக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அந்தப் பையன் இப்போது பல்கலைக்கழக மாணவர். தாத்தா பெயரால் தமிழுக்கு ஒரு பரிசு நிறுவும் பொருட்டுத் தகப்பனாருடன் யூபிலி விழாவுக்கு வருகின்றார். பரிசைப் பற்றிப் பேசி முடிந்ததும் சற்றுத் தயங்கி, தமக்கு ஓர் உதவி வேண்டும் என்றார், ஆங்கிலத்தில். அப்பம்மா இன்னும் ஊரில் இருக்கின்றார். சென்றமுறை புறப்படும்போது, தமக்குத் தெரிந்த தமிழில் "போறன்" என்று சொன்னாராம், அப்பம்மா அழுதுவிட்டாராம். ஏன் என்று விளங்கவில்லை. என்ன சொல்லியிருக்க வேண்டும்?

யாம் சொல்லிக் கொடுத்தோம். போட்டு வாறன். "கோ அண்ட் கம்" என்று பொருளும் சொன்னோம். றகரம் அவருக்கு வரவில்லை; ஏழெட்டு முறை சொல்லிப் பழகினார். பக்கத்திலிருந்து தகப்பனார் சிரிப்பது கேட்டது. பழகி முடிந்தபின், வைக்குமுன், யாம் அந்த நான்கு சொல்லையும் சொன்னோம். ஏழு வருடத்துக்கு மேற் பிந்திய சொற்கள். மறுமுனையிற் சிறிதுநேரம் ஒலியில்லை. "ஐ நோ" என்றார். பின்பு, "தாங்க் யூ" என்றார்.

அதன்பின் மிகக் கவனமாக, ஒவ்வோர் எழுத்தாக, "போட்டு வாறன், மாஸ்ரர்" என்றார். தொலைபேசியில் அவ்வாறு சொல்வதில்லை. 'வைக்கிறன்' என்பதே வழக்கு. யாம் திருத்தவில்லை. "ஓம், போட்டு வாங்கோ" என்றோம்.